எஸ்ஏடியில் 1380: அந்த எண்ணை எப்படிப் படிப்பது?

டல்லாஸ் பக்கம் வசிக்கும் ஒரு தந்தை கேட்டிருப்பது சுருக்கமாக இதுதான். மகள் 11-ம் வகுப்பு. அமெரிக்கக் கல்லூரிச் சேர்க்கைக்குப் பயன்படும் எஸ்ஏடி தேர்வை மார்ச்சில் எழுதியதில் 1380 வந்திருக்கிறது: ரீடிங் அண்ட் ரைட்டிங் 660, கணக்கு 720. அதற்கு முன் வீட்டில் அந்தத் தேர்வுக்கான புளூபுக் செயலியில் எழுதிய பிராக்டிஸ் டெஸ்டில் 1450 வந்தது. போன அக்டோபர் பிஎஸ்ஏடியில் (எஸ்ஏடிக்கு முன்னோட்டமாக எழுதும் தேர்வு) 1340. கணக்கில் தன் மகளைப் போலவே நாலைந்து தவறு விட்டதாகச் சொல்லும் தோழிக்கு 750 போட்டிருக்கிறார்கள். அண்ணன் மகன் 2014-ல் 2400-க்கு 1800 எடுத்தே நல்ல அரசுப் பல்கலைக்கழகத்தில் சேர்ந்துவிட்டான். அது 1600-க்கு 1200 தானே, அப்படியென்றால் 1380 தாராளமாகப் போதும் இல்லையா என்கிறார். கடைசியில், “எங்கள் 70 மார்க் எங்கே போயிற்று?” என்றும் கேட்கிறார். இந்தக் கேள்விகளுக்கு அடியில் இருப்பவை இரண்டே. இந்த எண்ணை எவ்வளவு தூரம் நம்பலாம்? இதை எந்த எண்ணோடு ஒப்பிடலாம்?

நான் தேர்வு அளவீட்டியல் படித்தவள். ஒரு வருடத்து வினாத்தாளையும் அடுத்த வருடத்து வினாத்தாளையும் ஒரே தராசில் நிறுத்துவது எப்படி என்ற வேலையைப் பள்ளித் தேர்வுகளுக்காகப் பன்னிரண்டு வருடம் செய்திருக்கிறேன். எஸ்ஏடியை நடத்தும் காலேஜ் போர்டில் வேலை பார்த்ததில்லை. ஆகவே அவர்கள் வெளியிட்ட விவரங்களையும், என் துறையில் எல்லோரும் கையாளும் முறைகளையும் வைத்துத்தான் எழுதுகிறேன். எது வெளியிட்ட தகவல், எது என் கணிப்பு என்பதை அங்கங்கே சொல்லிவிடுகிறேன்.

முதலில் ‘மார்க்’ என்ற சொல்லைக் கொஞ்சம் தள்ளி வைப்போம். நாம் வளர்ந்த விதம் அப்படி. கணக்கு 100, இயற்பியலும் வேதியியலும் ஆளுக்கு 50, மொத்தம் 200-க்குக் கட்-ஆஃப். அரை மார்க் குறைந்தால் கவுன்சலிங்கில் நூற்றுக்கணக்கான பேர் முன்னால் போய்விடுவார்கள். அந்தப் பழக்கத்தில் 1380-ஐப் பார்க்கும்போது 1600-ல் 220 மார்க் பறிபோனதாகத் தோன்றுகிறது. அந்த 220 எங்கும் பறிபோகவில்லை. எஸ்ஏடியில் உள்ளவை மொத்தம் 98 கேள்விகள். ரீடிங் அண்ட் ரைட்டிங்கில் 54, கணக்கில் 44. நேரம் 2 மணி 14 நிமிடம். ஒவ்வொரு பகுதியும் இரண்டு மாட்யூல், அதாவது ஒன்றன்பின் ஒன்றாக வரும் இரண்டு பாகங்கள். ஒவ்வொரு மாட்யூலிலும் இரண்டு கேள்விகள் வருங்காலத் தேர்வுக்காகச் சோதித்துப் பார்ப்பவை; எவை என்று மாணவருக்குத் தெரியாது, ஸ்கோரில் சேராது. ஆக ஸ்கோருக்குக் கணக்காவது 90 கேள்விகள். அந்த 90 பதில்களை வைத்து, ‘இந்தப் பெண்ணின் திறன் இந்த அளவுகோலில் எங்கே இருக்கிறது’ என்று மதிப்பிட்டு, ஒவ்வொரு பகுதிக்கும் 200-லிருந்து 800 வரையுள்ள ஓர் எண்ணாகத் தருகிறார்கள். மருத்துவர் ரத்த அழுத்தத்தை அளந்து 128 என்று எழுதுவாரே, 1380-ம் அந்த மாதிரி ஓர் எண். கூட்டி வந்த மொத்தமாக அதைப் படிக்க முடியாது.

இதைப் பிடித்துக்கொண்டால் தோழியின் 750-க்கு விடை கிடைத்துவிடும். அமெரிக்காவில் 2024 மார்ச்சிலிருந்து (மற்ற நாடுகளில் 2023 மார்ச்சிலிருந்து) தேர்வு கணினியில்தான். முதல் மாட்யூல் எல்லோருக்கும் எளிது, நடுத்தரம், கடினம் மூன்றும் கலந்தது. அதில் எப்படிச் செய்தார்கள் என்பதைப் பொறுத்து இரண்டாவது மாட்யூல் கடினமானதாகவோ எளிதானதாகவோ வரும். பக்கத்து நாற்காலியில் இருப்பவருக்கும் உங்கள் மகளுக்கும் ஒரே கேள்விகள் வந்திருக்கவேண்டிய அவசியமே இல்லை. ஒவ்வொரு கேள்விக்கும் அது எவ்வளவு கடினம், தெரிந்தவரையும் தெரியாதவரையும் எவ்வளவு தெளிவாகப் பிரித்துக் காட்டுகிறது, குருட்டாம்போக்கில் அடித்தால் சரியாக விழ எவ்வளவு வாய்ப்பு என்று முன்கூட்டியே கணித்து வைத்திருக்கிறார்கள். எத்தனை சரி என்பதோடு எவை எவை சரி என்பதும் சேர்ந்துதான் ஸ்கோரைத் தீர்மானிக்கிறது. ஆகவே ஒரே எண்ணிக்கையில் தவறு விட்ட இருவருக்கு 720-ம் 750-ம் வருவது இந்த முறையில் இயல்பானது. அதில் பிழையோ பாரபட்சமோ இல்லை. இன்னொன்று: எத்தனை தவறு என்று ஸ்கோர் ரிப்போர்ட்டில் போடுவதே இல்லை. பழைய தாள் தேர்வில் சில மாதங்களுக்கு மட்டும் கேள்வியையும் விடையையும் காசு கட்டி வாங்கிப் பார்க்க முடிந்தது. இப்போது அதுவும் கிடையாது. ‘நாலைந்து தவறு’ என்பது இரண்டு பேரும் நினைவிலிருந்து சொல்லும் கணக்கு, அவ்வளவே.

இங்கே ஒரு சம்பவம் சொல்கிறேன். எனக்குத் தெரிந்த குடும்பத்துப் பையன் ஒருவன் தேர்வு முடிந்து காரில் ஏறியதும் பேசவே இல்லை. அம்மா கொடுத்த தண்ணீர் பாட்டிலைக்கூட வாங்கவில்லை. கணக்கில் இரண்டாவது மாட்யூலில் கடைசி ஆறு கேள்விகளும் அடித்துப் போட்டுவிட்டன, எல்லாம் முடிந்தது என்று வீடு வரும்வரை ஜன்னல் பக்கமே பார்த்துக்கொண்டு வந்தான். இரண்டு வாரம் கழித்துக் கணக்கில் 740 வந்தது. இரண்டாவது மாட்யூல் அவனை அப்படித் திணறடித்ததே, முதல் மாட்யூலை அவன் நன்றாக எழுதியதால்தான். பிள்ளைகளிடம் இதை முன்பே சொல்லி வையுங்கள். நீட், ஜேஇஇ போல இங்கே தவறான விடைக்குக் கழிவு இல்லை என்பதையும் சேர்த்துச் சொல்லுங்கள். 2016-க்கு முன் கால் புள்ளி கழித்தார்கள், இப்போது இல்லை. எந்தக் கேள்வியையும் வெறுமனே விடக்கூடாது.

எத்தனை சரி இருந்தால் கடினமான மாட்யூல் வரும், எளிதான மாட்யூல் வந்துவிட்டால் அதிகபட்சம் எவ்வளவு எடுக்கலாம் என்று கோச்சிங் சென்டர்கள் உறுதியான எண்களைச் சொல்கின்றன. காலேஜ் போர்டு அந்த எல்லைகளை வெளியிடவில்லை. எளிதான பாதையில் போனவர் 800-ஐ எட்ட முடியாது என்பது இந்த மாதிரித் தேர்வுகளின் அமைப்பிலிருந்தே தெரிகிறது. அதற்கு மேல் துல்லியமாகச் சொல்பவர்கள் ஊகத்தைத்தான் சொல்கிறார்கள். உங்கள் மகளுக்கு அது கவலையே இல்லை. கணக்கில் 720 எடுத்தவர் கடினமான பாதையில்தான் போயிருப்பார் என்பது என் கணிப்பு.

இப்போது அந்த 70. மகளின் ஸ்கோர் ரிப்போர்ட்டைத் திறந்து பாருங்கள். பெரிய எழுத்தில் 1380 என்று இருக்கும். அதன் கீழே சின்ன எழுத்தில் ஸ்கோர் ரேஞ்ச் என்று 1340–1420 என இரண்டு எண்கள் இருக்கும். அதேபோல் ஒவ்வொரு பகுதிக்கும் மேலும் கீழும் 30. பெற்றோர்களில் பெரும்பாலானோர் அந்த வரியைப் படிப்பதே இல்லை. என்னைக் கேட்டால் அந்தத் தாளிலேயே மிக நேர்மையான வரி அதுதான். இதே மகள், இதே திறனோடு, புதிதாக எதுவும் படிக்காமல், வேறு வேறு கேள்வித்தாளில் பலமுறை எழுதினால், மூன்றில் இரண்டு முறை ஸ்கோர் ஏறத்தாழ அந்த அகலத்துக்குள் விழும். மூன்றில் ஒரு முறை அதற்கும் வெளியே போகலாம். ஒரே ஸ்கோரில் 40 வரை ஆட்டம் இருந்தால், இரண்டு ஸ்கோர்களுக்கு நடுவிலுள்ள வித்தியாசத்தில் ஆட்டம் இன்னும் கூடும்; 55, 60 வித்தியாசம் வருவதெல்லாம் சாதாரணம். 1450-க்கும் 1380-க்கும் இடையிலுள்ள 70 அதைவிடக் கொஞ்சம்தான் அதிகம். வீட்டில் எழுதும்போது மேசை நம்முடையது, நடுவில் எழுந்து போகலாம், பக்கத்தில் யாரும் இருமுவதில்லை. அந்த வசதிகளுக்கு ஒரு பங்கு, தற்செயலுக்கு ஒரு பங்கு. மகள் எதையும் ‘தொலைத்துவிட்டாள்’ என்று சொல்ல இதில் ஆதாரம் இல்லை. தயவுசெய்து அந்தச் சொல்லை அவள் காதில் விழும்படி சொல்லாதீர்கள்.

பிஎஸ்ஏடியில் வந்த 1340-ஐயும் இதில் சேர்க்கலாம். பிஎஸ்ஏடி 320-லிருந்து 1520 வரை, எஸ்ஏடி 400-லிருந்து 1600 வரை என்றாலும் இரண்டும் ஒரே அளவுகோல். பிஎஸ்ஏடியில் 1340 என்றால், அன்றைக்கே எஸ்ஏடி எழுதியிருந்தாலும் 1340 வாக்கில் வந்திருக்கும் என்று பொருள். 1520-க்கு இவ்வளவு, 1600-க்கு எவ்வளவு என்று பெருக்கி வகுக்கக் கூடாது. ஆக உங்கள் கையில் 1340, 1450, 1380 என்று மூன்று அளவீடுகள் இருக்கின்றன. வீட்டில் எழுதியதற்குக் கொஞ்சம் குறைத்து மதிப்புக் கொடுத்துப் பார்த்தால், மகளின் இன்றைய நிலை 1370–1400 என்று நான் சொல்வேன். தாளில் அச்சிட்ட பிராக்டிஸ் டெஸ்ட்டுகளையும் எழுதியிருந்தால் கவனியுங்கள்: அவற்றில் மாட்யூல் மாறாது என்பதால், காலேஜ் போர்டே அவற்றுக்கு ஒற்றை எண் தராமல் கீழ் எல்லை, மேல் எல்லை என்று இரண்டு எண்களைத்தான் தருகிறது.

அண்ணன் மகனின் 1800-க்கு வருகிறேன். பல வீடுகளில் நடக்கும் தவறு இது. 2005 மார்ச் முதல் 2016 ஜனவரி வரை தேர்வு 2400-க்கு: வாசிப்பு, கணக்கு, எழுத்து என்று மூன்று 800. 2016 மார்ச்சில் மீண்டும் 1600-க்குக் கொண்டுவந்தார்கள். கட்டாயமாக இருந்த கட்டுரை விருப்பப் பகுதியானது, ஐந்து விடைகளில் ஒன்று என்பது நான்கில் ஒன்று ஆனது, கழிவு போனது, கேள்விகளின் தன்மையே மாறியது. புதிதாக அளவுகோலும் போட்டார்கள். ஆகவே மூன்றால் வகுத்து இரண்டால் பெருக்குவது செல்லாது. 2016 மே மாதம் காலேஜ் போர்டு வெளியிட்ட ஒப்பீட்டு அட்டவணையில் பழைய 1800-க்கு நேரே இருப்பது புதிய 1290. நீங்கள் போட்ட கணக்கில் 90 குறைகிறது. மகளின் 1380 அதைவிட மேலேதான்; ஆனால் 180 மேலே என்று நினைத்திருந்தீர்கள், உண்மையில் 90 வாக்கில்.

அந்த 2016-ல் இதை நேரில் பார்த்தேன். ஜனவரியில் பழைய தேர்வில் வாசிப்பும் கணக்கும் சேர்ந்து 1310 எடுத்த ஒரு பெண், மே மாதம் புதிய தேர்வில் 1380 எடுத்தாள். நாலு மாதக் கோச்சிங்கில் 70 ஏறியது என்று வீட்டில் கேக் வெட்டினார்கள். அந்த அட்டவணையில் பார்த்தால் பழைய 1310-ம் புதிய 1380-ம் கிட்டத்தட்ட ஒரே இடம். பழைய தேர்வின் நடுப்பகுதியில் இருந்தவர்களுக்கெல்லாம் புதிய அளவுகோலில் 60, 70, 80 என்று எண் கூடித்தான் தெரிந்தது. அந்தப் பெண்ணின் அம்மாவுக்கு அட்டவணையை விளக்கியது நான்தான். கோச்சிங்குக்குக் கட்டிய பணத்தை நினைத்து அவர் சிறிது நேரம் ஒன்றும் சொல்லாமல் இருந்தார். இன்றும் பழைய ஸ்கோரையும் புதிய ஸ்கோரையும் யாராவது நேருக்கு நேர் வைத்தால் எனக்கு அந்த முகம்தான் நினைவுக்கு வரும்.

இதற்கு முன்னும் அளவுகோலை மாற்றியிருக்கிறார்கள். 1926-ல் தொடங்கிய தேர்வு இது. 1941-ல் எழுதியவர்களின் சராசரியை 500 என்று வைத்து அளவு போட்டார்கள். அன்று எழுதியது சிறிய கூட்டம். பிறகு எல்லாத் தரப்பு மாணவர்களும் எழுதத் தொடங்கியதும் மொழிப் பகுதியின் சராசரி 420-களுக்கு இறங்கிவிட்டது. 1995 ஏப்ரலில் சராசரியைத் திரும்பவும் 500 பக்கம் கொண்டுவந்து நிறுத்தினார்கள். ஆகவே 1980-களில் படித்த சக ஊழியர் தன் ஸ்கோரைச் சொன்னால் அதையும் இன்றைய எண்ணோடு ஒப்பிடாதீர்கள். ஆனால் 2016-லிருந்து 2023 வரையிலான தாள் தேர்வுக்கும் இப்போதைய கணினித் தேர்வுக்கும் அட்டவணை தேவையில்லை, அளவுகோல் அதேதான் என்கிறது காலேஜ் போர்டு. பெரும்பான்மை மாணவர்களைப் பொறுத்தவரை அதை நான் ஏற்கிறேன். 154 கேள்விகள் 98 ஆகக் குறைந்தாலும், ஆளுக்கேற்பக் கேள்வி மாறுவதால் துல்லியம் பெரிதாகக் குறையாது. உச்சியில் மட்டும் எனக்குக் கொஞ்சம் தயக்கம் உண்டு. 770-க்கும் 800-க்கும் நடுவில் வித்தியாசம் காட்டும் கேள்விகள் ஒரு தேர்வில் சிலதான் இருக்க முடியும். ஒன்றிரண்டு கவனப் பிசகே அங்கே ஆளைப் புரட்டிவிடும். 790-க்கு அழுகிற பிள்ளைகளைப் பார்க்கும்போது இதைச் சொல்லத் தோன்றும்.

ரிப்போர்ட்டில் பெர்சென்டைலும் இருக்கும், அதாவது நூற்றுக்கு எத்தனை பேர் இந்த ஸ்கோரிலோ அதற்குக் கீழேயோ இருக்கிறார்கள் என்ற எண். அதில் இரண்டு வகை உண்டு என்பதைக் கவனியுங்கள். ஒன்று, எஸ்ஏடி எழுதினாலும் எழுதாவிட்டாலும் அமெரிக்காவின் 11, 12-ம் வகுப்பு மாணவர்கள் எல்லோரையும் மனதில் வைத்துக் கணித்தது. இன்னொன்று, கடந்த மூன்று ஆண்டுகளில் பள்ளி முடித்தவர்களில் உண்மையாகவே தேர்வு எழுதியவர்களை வைத்துக் கணித்தது. முதலாவது எப்போதும் கொஞ்சம் கூடுதலாகத் தெரியும். கல்லூரி விண்ணப்பத்துக்கு இரண்டாவதைப் பாருங்கள்; 1380-க்கு அது 91, 92 வாக்கில். 2024-ல் பள்ளி முடித்தவர்களின் சராசரி 1024 என்பதையும் நினைவில் வையுங்கள். நம் சனிக்கிழமைத் தமிழ்ப் பள்ளி வாசலில் நின்று பேசும் பெற்றோர் கூட்டத்தில் 1500-க்குக் குறைந்த எண் காதில் விழுவதே இல்லை. நாட்டின் நிலவரம் அது அல்ல. அதேபோல் ரிப்போர்ட்டில் வரும் பச்சை நிறத்தைப் பார்த்துத் திருப்தியும் அடைய வேண்டாம். அது ரீடிங் அண்ட் ரைட்டிங்கில் 480, கணக்கில் 530 என்ற அடிமட்டக் கோட்டைத் தாண்டியதைக் காட்டுகிறது. கல்லூரி முதல் பருவத்தில் தொடர்புள்ள பாடங்களில் குறைந்தது ‘சி’ வாங்க 75 சதவீத வாய்ப்பு என்பதே அதன் பொருள். நல்ல கல்லூரியில் இடம் கிடைக்கும் என்பதற்கும் அதற்கும் தொடர்பில்லை.

1380 போதுமா என்பதற்கு எந்தக் கல்லூரிக்கு என்று தெரியாமல் பதில் சொல்ல முடியாது. பெரும்பாலான கல்லூரிகள் ‘காமன் டேட்டா செட்’ என்ற ஆவணத்தை வருடந்தோறும் வெளியிடும். அதில் சேர்ந்த மாணவர்களின் நடு 50 சதவீதத்தினரின் ஸ்கோர், பகுதி வாரியாக இருக்கும். மகளின் 660-ம் 720-ம் அதில் எங்கே விழுகின்றன என்று பாருங்கள். கூடவே, எத்தனை சதவீதம் பேர் ஸ்கோர் கொடுத்தார்கள் என்ற எண்ணையும் பாருங்கள், இது முக்கியம். ஸ்கோர் கொடுப்பது விருப்பம் என்று வைத்திருக்கும் கல்லூரிகளில் அதிக ஸ்கோர் எடுத்தவர்கள்தான் கொடுப்பார்கள். அதனால் அந்த வரம்பு உள்ளதைவிட உயரமாகத் தெரியும். கலிபோர்னியா பல்கலைக்கழக வளாகங்கள் சேர்க்கையில் எஸ்ஏடியைப் பார்ப்பதே இல்லை. எம்ஐடி 2022-லேயே மீண்டும் கட்டாயமாக்கியது. 2024-ல் டார்ட்மத், பிரவுன், ஹார்வர்ட் எல்லாம் அதே முடிவுக்கு வந்தன. உங்கள் ஊர்க்காரர்கள் எல்லோரும் குறி வைக்கும் ஆஸ்டின் டெக்சாஸ் பல்கலைக்கழகமும் இப்போது ஸ்கோர் கேட்கிறது. ஆனால் அங்கே முதல் கேள்வி பள்ளியில் என்ன ரேங்க் என்பது: 2026 சேர்க்கையிலிருந்து முதல் 5 சதவீதத்துக்குள் இருக்கும் டெக்சாஸ் மாணவர்களுக்குத்தான் தானாக இடம். அதுவும் பல்கலைக்கழகத்தில் இடம் மட்டுமே. கம்ப்யூட்டர் சயின்ஸ், இன்ஜினியரிங் போன்ற பிரிவு கிடைப்பது தனிப் போட்டி. எஸ்ஏடி ஸ்கோருக்கு அங்கே வேலை இருக்கிறது.

திரும்ப எழுதலாமா? எழுதலாம், ஒரு முறை, நிதானமாகத் தயாரித்துவிட்டு. பல கல்லூரிகள் வெவ்வேறு நாள் எழுதியதில் ஒவ்வொரு பகுதியிலும் எது உயர்ந்ததோ அதை எடுத்துக் கூட்டிக்கொள்கின்றன. அடுத்த முறை ரீடிங் அண்ட் ரைட்டிங் 710, கணக்கு 700 என்று வந்தால், 710-ம் பழைய 720-ம் சேர்ந்து 1430 ஆகும். எப்படிக் கூட்டுகிறார்கள் என்பதை அந்தந்தக் கல்லூரியின் பக்கத்தில் உறுதி செய்துகொள்ளுங்கள். மூன்றாவது, நான்காவது முறை என்று போவதை நான் ஊக்குவிப்பதில்லை. அப்போது கிடைக்கும் ஏற்றத்தில் நான் மேலே சொன்ன ஆட்டத்தின் பங்குதான் அதிகம், பிள்ளையின் வார இறுதிகள் போய்விடும்.

தயாரிப்பை எங்கே தொடங்குவது என்றால், கணக்கை இப்போதைக்கு விட்டுவிட்டு 660-ல் தொடங்குங்கள். ரிப்போர்ட்டின் அடுத்த பகுதியில் ரீடிங் அண்ட் ரைட்டிங்குக்கு நான்கு பட்டைகள் இருக்கும். ஒவ்வொன்றின் பக்கத்திலும் எத்தனை கேள்விகள் என்று போட்டிருக்கும். ஆங்கில இலக்கண மரபு பற்றிய பட்டைக்கு 11 முதல் 15 கேள்விகள், அதாவது பகுதியில் கால்வாசி. மகளுடைய தாளில் அந்தப் பட்டை முழுதாக நிரம்பாமல் இருந்தால் நல்ல செய்தி, ஏனென்றால் அங்கே கேட்பது கமா எங்கே வரும், செமிகோலன் எங்கே வரும், எழுவாய்க்கு வினை பொருந்துகிறதா என்பது போன்ற எண்ணிவிடக்கூடிய சில விதிகள்; ஆறு வாரத்தில் பழகிவிடலாம். குறைவு பத்திகளைப் படித்துக் கருத்தை ஊகிக்கும் பட்டையில் இருந்தால் அது மெதுவாகத்தான் நகரும், தினமும் படிக்க வேண்டியிருக்கும். அப்படியானால் மே மாதத் தேர்வுக்கு அவசரப்படாமல் ஆகஸ்ட் தேதிக்குப் பதிவு செய்யுங்கள். அந்த நான்கு பட்டைகளும் எவ்வளவு நிரம்பியிருக்கின்றன என்பதைப் பார்த்து இங்கேயே எழுதினால், அடுத்து என்ன செய்யலாம் என்று இன்னும் குறிப்பாகச் சொல்ல முடியும்.